எண்ணூர்க் கடலில் முழுகிய நடிகர்

எண்ணூரில் படப்பிடிப்பை வேடிக்கை பார்க்கப் போன நான், அந்த நடிகர் நிஜமாகவே கடலில் முழுகுகிறார் என்று நம்பிவிட்டேன். எனக்கு நீச்சல் தெரியாது, கூச்சல் தெரியும். திருவொற்றியூர்வரை கேட்கும்படி கத்தினேன். காமிரா ஓடிக்கொண்டிருக்கும்போதே கட்டுமரக்காரர்கள் பாய்ந்து, அவரைத் தலைமுடியைப் பிடித்துக் கரைக்கு இழுத்து வந்தார்கள்.

மெலிந்த மனிதர். குளிரில் நடுங்கியபோதும் எல்லோருக்கும் இடது கன்னத்தையே காட்டினார். அதுதான் படத்தில் எடுப்பாக விழுமாம்.

“இன்னா நைனா, உசுரு கீதா?” என்றார் ஒரு கட்டுமரக்காரர்.

“சாகறதுதாங்க என் வேஷம். இத்தினி வருஷம் கும்பல்ல நின்னேன். இன்னிக்குத்தான் தனியா ஒரு காட்சி குடுத்தாங்க.”

“எம்மேல கோவமா?” என்றேன்.

“இல்லீங்க. நீங்க நம்பிட்டீங்களே.”

யுத்தகாலம், பிலிமுக்குப் பஞ்சம். அந்தக் காட்சியை மறுபடி எடுக்கவில்லை. ராயபுரம் கொட்டகைக்குப் படம் வந்ததும் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். அவர் அதில் எங்கேயும் இல்லை.