ரவாங் கிளைக்கான படம்

எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு வேலையையும் கட்டமும் அம்புக்குறியுமாகப் படம் போட்டு வைப்பதுதான் என் உத்தியோகம். முதலில் இது, அடுத்து அது, யார் செய்ய வேண்டும் என்று எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கும். கிடங்கில் இருப்பவர்கள் திரையைப் பார்த்து அப்படியே செய்வார்கள்.

ஒரு வேலைக்கு ஒரே படம் என்பது விதி. அதை எழுதியவனும் நான்தான், மீறியவனும் நான்தான். கிள்ளான் கிளை மேனேஜர் ஒரு கட்டத்தை மாற்றக் கேட்பார், ரவாங் மேனேஜர் வேறொன்றைக் கேட்பார். எல்லாக் கிளைக்கும் பொதுவாக உட்கார்ந்து யோசிக்கச் சோம்பல். ஒரு நகல் எடுத்து, பெயரை மாற்றி, "ஓகே பாஸ்" என்று அனுப்பிவிடுவேன். இரண்டு நிமிட வேலை. நகலுக்கு நகல் பெருகி, எது எங்கே கிடக்கிறது என்று எனக்கே தெரியாமல் போனது.

லோரியில் வரும் மருந்துப் பெட்டிகளை, காகிதங்களைச் சரிபார்த்த பிறகுதான் குளிர் அறையில் வைப்போம். அதை மாற்றச் சொன்னார்கள்: முதலில் குளிர் அறை, பிறகு காகிதம். மூலப்படத்தில் மாற்றினேன், நகல்களிலும் மாற்றினேன். ரவாங் நகல் மட்டும் விட்டுப்போனது.

ரவாங்கில் பெட்டி இறக்கும் பொறுப்பு ஓர் அக்காவுடையது. பதினெட்டு வருட சர்வீஸ். ஒரு நாள் காகிதத்தில் ஏதோ குழப்பம். படத்தில் இருந்தபடியே பெட்டிகளை வெளியே வைத்துவிட்டு அதோடு மல்லுக்கட்டியிருக்கிறார். கொளுத்தும் வெயில். லோடு முழுக்க வீண்.

செய்தி வந்ததும் நான் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? ரவாங் நகலைத் திருத்தினேன். பழையதை அழித்தேன். மறுநாள் விசாரணையில் திரையைக் காட்டி, படம் சரியாகத்தான் இருக்கிறது என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த பாவி நான். அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நேற்று இப்படி இல்லையே என்று ஒரே ஒரு தடவை சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை. எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, அவரை லேபல் ஒட்டும் வேலைக்கு மாற்றினார்கள்.

போன மாதம் பிரிக்ஃபீல்ட்ஸில், அந்த அக்கா மகளோடு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து வெளியே வந்தார். எனக்கு ஓடி ஒளிய இடமில்லை. அவரே கூப்பிட்டு, சாப்பிட்டாயா தம்பி என்று விசாரித்தார். அன்றைக்குப் படத்தைத் தப்பாகப் படித்ததற்குக் கண்தான் காரணமோ என்று சோதிக்க வந்தாராம்.

"கண்ணு நல்லாதான் இருக்காம் லா. அப்போ மூளையிலதான் என்னமோ. எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சிச்சு, மறதி. வேலைய விட்டுடலாம்னு இருக்கேன் தம்பி."

மகள் அவர் கையை விடாமல் பிடித்திருந்தாள். சொல்லித் தொலையேன்டா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. படம்தான் தப்பு அக்கா. மூன்றே வார்த்தை. வாயைத் திறந்தேன்.

"ரெஸ்ட் எடுங்க அக்கா, அதான் நல்லது."

அதற்கு அவர் எனக்கு நன்றி சொன்னார்.