மேடத்துக்கு நான் தைத்துக் காட்டிய அன்று

தாராவியில் எங்கள் வீடு கீழே, வாப்பாவின் தையல் பட்டறை மேலே, நடுவில் ஓர் இரும்பு ஏணி. மெஷின் சத்தத்தில்தான் நான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றேன். ஆனால் மேலே போனால் கத்தரியைக்கூடத் தொட விடமாட்டார். 'கீழ போயி படிட்டி' என்று விரட்டுவார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் பட்டன் வைக்கும், பிசிறு நூல் வெட்டும். எனக்கு மட்டும்தான் இந்தத் தலைகுனிவு.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். பெரிய கம்பெனிகள் மிச்சமென்று கழித்துப்போடும் பருத்தித் துணியை வாங்கி, குர்தா தைத்து விற்கும் ஒரு மேடம் எங்களுக்கு ஆர்டர் தருவதாகச் சொன்னார். கண்டிஷன் பலமாக இருந்தது. தைப்பவர்களுக்கு ஒழுங்கான கூலி வேண்டும், காற்றும் வெளிச்சமும் வேண்டும், சின்னப் பிள்ளைகள் வேலையே செய்யக்கூடாது. நேரில் பார்த்த பிறகுதான் துணியே வரும். அந்த மழைக்காலம் முழுக்கப் பட்டறையில் வேலையில்லை. இந்த ஆர்டரை நம்பித்தான் வீடே இருந்தது.

வாப்பா புது ஃபேன் மாட்டினார், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். என்னை மாஹிமில் மாமி வீட்டுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். எனக்கா, கோபம் பொத்துக்கொண்டு வந்தது. விருந்தாளி வரும் நாளில் வீட்டுப் பிள்ளையைத் துரத்துவார்களா? வயிற்றுவலி என்று சுருண்டு படுத்துக்கொண்டேன். உம்மா நம்பிவிட்டாள், பாவம்.

மேடம் ஏணி ஏறியதும் நானும் பின்னாலேயே ஏறிவிட்டேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்து, நீயும் தைப்பாயா என்று இந்தியில் கேட்டார். நம்மையும் ஓர் ஆளாக மதித்துக் கேட்கிறாரே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாம் தைப்பேன், காலர்கூட நான்தான் வைப்பேன் என்று எடுத்துவிட்டேன். மேடத்துக்குக் காட்டுவதற்காக ஓட்டிக்கொண்டிருந்த மெஷின்கள் நின்றன. வாப்பா முகத்தில் ஈயாடவில்லை.

பிள்ளை சும்மா சொல்கிறாள் என்று வாப்பா கெஞ்சியதை மேடம் காதிலேயே வாங்கவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தார். அப்போது வாப்பாவின் தம்பி, எங்கள் சாச்சா, என்னைத் தூக்கி ஒரு மெஷின் முன்னால் உட்காரவைத்தார்.

"எங்க, தச்சுக் காட்டு பாப்போம்."

மேடமும் நின்றார். ஊசியில் நூல் இல்லை. எச்சில் தொட்டுக் கோத்துப் பார்த்தேன், எந்தப் பக்கமிருந்து கோப்பது என்றே தெரியவில்லை. சரி போ என்று நூலில்லாமலே துணியை வைத்து, ஸ்டூல் நுனிக்கு நகர்ந்து பெடலை எட்டி மிதித்தேன். மெஷின் உறுமியதுதான் தாமதம், உம்மா என்று கத்திக்கொண்டு குதித்து இறங்கிவிட்டேன்.

பட்டறையே சிரித்தது. மேடம் என் விரல்களைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேனா மைதான் இருந்தது. ஆர்டர் எங்களுக்கே வந்தது.

வாப்பாவோ எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும். அதோடு விட்டாரா? "எம் புள்ளைக்கு ஊசில நூல் கோக்கக்கூடத் தெரியல, பாத்துக்கிடுங்க" என்று தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தார். என் மானமே போயிற்று. பெற்ற பிள்ளைக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதில் ஒரு மனுஷனுக்கு இவ்வளவு சந்தோஷமா என்று பொருமிக்கொண்டு, அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டேன்.

வெகுகாலம் கழித்து உம்மாதான் சொன்னாள். அன்று எனக்கிருந்த வயதில் வாப்பா ஊரிலிருந்து ரயிலேற்றி அனுப்பப்பட்டு, இதே தாராவியில் யாரோ ஒருவர் பட்டறையில் உட்கார்ந்திருந்தாராம். அந்த வயதிலேயே அவருக்குச் சட்டை முழுசாகத் தைக்கத் தெரியுமாம்.