அண்ணாவின் மீற்றர் பொய் சொல்லவில்லை

அண்ணாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே! அண்ணாவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி கேட்டீர்கள். எழுதுகிறேன். ஆனால் பூசி மெழுகி எழுத என்னால் முடியாது. இத்தனை காலமும் என் வாயை அடக்கி வைத்தவர் அண்ணாதான். இனி என்னை யார் தடுப்பது?

அண்ணா வண்ணார்பண்ணையில் பிறந்தார். தாய் தந்தையர் அடுத்தடுத்துக் கண்மூடிய பின் என்னையும் கூட்டிக்கொண்டு கொழும்புக்கு வந்தார். கார்களின் மின்கம்பி வேலை பழகி, கொட்டாஞ்சேனையில் சொந்தமாகக் கராஜ் திறந்தார். மின்சாரம் அளக்கும் மீற்றர் வைத்துப் பார்க்காமல் எந்தச் சாமானையும் மாற்றமாட்டார். எனக்கும் வெள்ளவத்தையில் நல்ல இடம் பார்த்துக் கலியாணம் கட்டிவைத்தார். நல்ல இடமாம்!

அந்த வீட்டுக் கார் நான் ஏறும் நாட்களில் மட்டும் நடுவீதியில் நின்றுவிடும். அதற்கென்றே என் கணவரின் தாயார், என் மாமி, நான் வெளிக்கிடும்போதெல்லாம் கண்ணூறு கழிய என்று காருக்குத் தேசிக்காய், அதுதான் எலுமிச்சங்காய், கட்டுவிப்பார். வெளியே தொங்கினால் அயலிலுள்ள வெள்ளைக்காரர் சிரிப்பார்களாம். அதனால் எஞ்சினை மூடும் பொனற்றுக்குள்ளே கட்டுவது. எஞ்சின் சூட்டில் நூல் கருகும் என்று செப்புக் கம்பியால் கட்டுவது. கார் நின்றதும் சாரதி அதை அவிழ்த்துச் சந்தியில் எறிவார். உடனே கார் ஓடும்.

“பாத்தியளோ? இவளின்ரை கண்ணூறு கழியத்தான் கார் ஓடுது!” என்பார் மாமி. என் கணவர் வீதியைப் பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டில் எத்தனை முறை பார்த்தாலும் காரில் ஒரு பிழையும் இராது. பிழையெல்லாம் என்னில்தான்!

கடைசியில், “இவளைத் தமையனிட்டையே விட்டிட்டு வாங்கோ” என்று மாமி தீர்ப்புச் சொன்னார். என் பெட்டியோடு எல்லாரும் புறப்பட்டோம். அன்றைக்கும் தேசிக்காய் கட்டினார்கள். கார் கொட்டாஞ்சேனையில், கராஜுக்குக் கிட்ட வந்து நின்றது. சாரதி பொனற்றைத் திறக்க, அண்ணா ஓடிவந்தார்.

“ஒண்டையும் கழட்டாதேங்கோ! நிண்டது நிண்டபடியே பாக்கவேணும்.”

சாவியைப் போடச்சொல்லி மீற்றரைப் பிடித்தார். பற்றறியில் மின் இருந்தது. சாவிக்கும் வந்தது. தீப்பொறிக்கு மின்சாரத்தைப் பெருக்கும் கொயிலின் உள்வாசலுக்கும் வந்தது. வெளிவாசலில் மீற்றர் முள் அசையவில்லை. அங்கிருந்து போகும் வயரைக் கழற்றியதும் முள் எழும்பியது. “இந்த வயர் எங்கையோ காரின்ரை இரும்பிலை முட்டுது” என்று விரலால் தடவிக்கொண்டே போனார். தேசிக்காய் கட்டிய செப்புக் கம்பி, வயரின் தோலை அறுத்து, மறுமுனையில் இரும்போடு ஒட்டிக் கிடந்தது. தீப்பொறிக்குப் போகவேண்டிய மின் இரும்பில் இறங்கிக்கொண்டிருந்தது.

“மாமி, இதை எப்ப கட்டுறனீங்கள்?”

“இவள் ஏறுற நாளிலை மட்டும்தான்.”

“அப்ப அந்த நாளிலை மட்டும்தான் கார் நிக்கும். தங்கச்சியிலை ஒரு பிழையும் இல்லை.”

கம்பியை எடுத்தார். கார் ஓடியது. என்னைத் திருப்பிக் கூட்டிப்போனார்கள். மன்னிப்பு? கேட்டால்தானே! “தங்கச்சிக்காக வயரைத் தானே சுரண்டிப்போட்டு நாடகம் ஆடினவன்” என்று மாமி ஊரெல்லாம் கதை கட்டினார். அதை நம்பி எத்தனை பேர் அண்ணாவின் கராஜுக்குப் போவதை நிறுத்தினீர்கள்! நான் கொதித்தபோதெல்லாம் அண்ணா, “நீ வாழவேண்டிய வீடு. பேசாமல் இரு” என்பார். என் வாழ்வுக்காகக் கள்ளன் என்ற பெயரைச் சுமந்தார். நெஞ்சு நோயோடு பொரளை ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அதே சொல்தான். புகுந்த வீட்டார் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. செத்த வீட்டில் மட்டும் தலைவிரித்து அழுதீர்கள். எனக்குப் பற்றி எரிந்தது.

அண்ணாவை இரவு பகலாகப் பார்த்த கராஜ் பிள்ளைகளுக்கும், கடைகளைப் பூட்டிவிட்டு வந்து தோள்கொடுத்த மாளிகாவத்தை முஸ்லிம் சகோதரர்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. அவரைக் கள்ளன் என்றவர்களுக்கு நன்றி சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை.

மாமி, சுடலைக்குப் போன நம் காரிலும், நான் ஏறுகிறேன் என்று, தேசிக்காய் கட்டியிருந்தீர்கள். அறுத்து எறிந்தது நான்தான். அண்ணாவின் மீற்றரும் இப்போது என்னிடம்தான். இனிக் கார் நின்றால் என் முகத்தைப் பார்க்கவேண்டாம். பொனற்றைத் திறவுங்கள்.