எவ்வளவு தூரம்?

வேலணையில் ஒரு தேநீர்க்கடை வாசலில் எங்கள் இரண்டு மோட்டார் சைக்கிள்களும் மூட்டை முடிச்சோடு நிற்கின்றன. மேசையில் வரைபடம். காற்று தூக்கிவிடாமல் அதன் மேல் தலைக்கவசங்களை வைத்திருக்கிறோம். வடக்குக் கரையோர ஊர்களுக்கு நெடும்பயணம் என்று கொழும்பிலிருந்து வந்தவர்கள் நாங்கள்.

கடைக்கார அக்கா வடைத் தட்டை வைத்துவிட்டு, "தம்பியவை, எவ்வளவு தூரம்?" என்கிறார்.

என் நண்பன் நிமிர்ந்து உட்கார்கிறான். கேட்க ஆள் கிடைத்துவிட்டது அல்லவா! "ஒரு நாளைக்கு இருநூறு கிலோமீட்டர் அக்கா. டாங்க் நிறையப் பெற்றோல் இருக்கு. டயரும் புதுசு."

அக்கா சிரிப்பை அடக்கப் பார்க்கிறார், முடியவில்லை. "பயணம் வெளிக்கிட்டு நிக்கிற ஆக்களை எங்கை போறியள் எண்டு கேக்கக் கூடாது, தம்பி. போற காரியம் சரிவராது. அதுதான் தூரத்தைக் கேட்டனான். எந்த ஊருக்கு?"

நண்பன் என்னைப் பார்க்கிறான். அவனுக்குப் பருத்தித்துறை, எனக்கு மன்னார். காலையிலிருந்து இந்தச் சண்டைதான்.

"அது இன்னும் முடிவாகல்ல, அக்கா" என்கிறேன்.

அக்கா வெறுங் கோப்பைகளை எடுக்கிறார்.

"அப்ப நீங்கள் இன்னும் வெளிக்கிடேல்லை. எங்கை போறியள் எண்டே நான் கேட்டிருக்கலாம்."