மரம் ஏறாத முள்ளம்பன்றி

வீட்டுக்குக் கேபிள் டிவி வந்த வருஷம் என் அப்பா விலங்கியல் பேராசிரியர் ஆகிவிட்டார். ஏதோ வெளிநாட்டுக் காட்டில் மரத்திலேயே குடியிருக்கும் முள்ளம்பன்றியை ஒரு மத்தியானம் முழுக்கப் பார்த்தார். பகலெல்லாம் கிளைக் கவட்டில் தூக்கம். பசித்தால் நாலடி நகர்ந்து பட்டையையும் கொழுந்தையும் கடிப்பது, மறுபடி தூக்கம். யாராவது கிட்டே வந்தால் முதுகைத் திருப்பிக்கொண்டு முள்ளைச் சிலிர்ப்பது. அப்பாவுக்கு அதைப் பிடித்துப்போனதில் ஆச்சரியமே இல்லை.

அந்தச் சமயம் சாணார்பட்டிப் பக்கம் இருந்த எங்கள் தோட்டத்தில் அம்மா தென்னங்கன்று வைத்திருந்தாள். வரப்போரம் நின்ற நெட்டை மரங்கள் காய்ப்பு ஓய்ந்தவை. கன்றுகள் தலையெடுத்துவிட்டால், அடுத்தவர் தோட்டத்துக்கு கூலிக்கு மல்லிகை பறிக்கப் போக வேண்டாம் என்று நினைத்திருந்தாள். கோடை முழுக்கக் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினாள். ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால், இரண்டு கன்றுகளின் அடியைத் தோண்டிக் குருத்தை ஏதோ தின்றிருந்தது. பக்கத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு முள்ளம்பன்றி முள் கிடந்தது.

“கன்னைச் சுத்தி வேலிமுள்ளு வெட்டிப்போட்டு அடைச்சிருவோம்” என்றாள் அம்மா.

“உனக்கு என்னடி தெரியும்? அது மரத்துல ஏறுற சாதி. டிவில நானே பாத்தேன்ல. மரத்துக்குத் தகரம் அடிச்சா ஏற முடியாம ஓடிரும்.”

எங்கள் பக்கம் எலிக்குத்தான் தென்னையில் தகரம் அடிப்பார்கள். நம் ஊர் முள்ளம்பன்றி மண்ணுக்குள் வங்கு தோண்டிக் கிடப்பது என்று ஆடு மேய்க்கிற எல்லோருக்கும் தெரியும். அம்மா சொல்லியும் பார்த்தாள். டிவியில் வராத எதையும் அப்பா நம்புவதாக இல்லை. பழைய எண்ணெய் டின்களைப் பிரித்துத் தட்டி, நெட்டை மரம் ஒவ்வொன்றுக்கும் அரைஞாண் கட்டுவதுபோலச் சுற்றி ஆணி அடித்தார். ஏணியைப் பிடிக்க அம்மா வேண்டும். அதனால் முள் வெட்ட ஆளில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த டிவியைத் தூக்கிக் கிணற்றில் போட்டிருப்பேன்.

அந்த வாரம் முழுக்க முள்ளம்பன்றி வந்தது. தகரத்தை அது நிமிர்ந்துகூடப் பார்த்திருக்காது. ஒரே ஒரு கன்று மிஞ்சியது.

அப்பா தோட்டத்துக்கு வந்து, குழிகளைத் தாண்டி நடந்து, நெட்டை மரங்களைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

“பாத்தியா? தகரம் அடிச்ச பெறகு ஒரு மரத்துலயாச்சும் ஏறுச்சா?”

அம்மா கடப்பாரையால் ஒரு மரத்துத் தகரத்தைப் பெயர்த்து, மிஞ்சிய கன்றைச் சுற்றி மண்ணில் புதைத்து நிறுத்தினாள். மறுநாள் விடியுமுன் மடியில் துணி கட்டிக்கொண்டு அடுத்தவர் தோட்டத்துக்கு மல்லிகை பறிக்கப் போனாள்.

அப்பா தூங்கிக்கொண்டிருந்தார்.