தோகை மடங்கக் கூடாது என்றார்

என் கணவர் செத்துப்போய்விட்டார் என்று நான் முடிவுகட்டிய இடத்துக்குப் பெயர் கிடையாது. ஆஸ்திரேலியாவில், கண்டகாய் என்ற ஊரைத் தாண்டி அல்பரி நோக்கிப் போகிற நெடுஞ்சாலை. ஒரு பக்கம் செம்மறிகள் மேய்கிற மேடு, மறுபக்கம் முட்கம்பி வேலி. அந்த இடத்தில் நின்றுதான் நான் முருகனைக் கூப்பிட்டேன். எப்படிக் கூப்பிட்டேன் என்று சொன்னால் அடியார்களாகிய உங்களில் சிலருக்குக் கோபம் வரும். வந்தால் வரட்டும். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. நாங்கள் சிட்னியில் வென்ட்வேர்த்வில்லில் இருந்தோம். இவர் பொறியியலாளர். நான் பரமட்டாப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் தாதி. அதற்கு முந்தைய வருடம் எனக்கு வயிற்றில் பெரிய ஒப்பரேஷன் ஒன்று நடந்தது. டாக்டர்களே பிடிகொடுக்காமல் பேசினார்கள். இவர் ஆஸ்பத்திரி வாசலில் நின்று, நான் எழும்பி நடந்தால் காவடி எடுக்கிறேன் என்று முருகனுக்கு நேர்ந்துவிட்டார். நேர்ந்துவிடலாம், எங்கே போய் எடுப்பது? அப்போது எங்களுக்கு இங்கே கோயில் ஏது? கடைசியில் மெல்பேர்ணிலிருந்த நண்பர்கள் சிலர், கந்த சஷ்டி முடிகிற நாளில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை எடுத்து, வேல் வைத்துக் கும்பிடப் போவதாகச் சொன்னார்கள். இவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

எங்களிடம் ஒரு பழைய காம்பர் வான் இருந்தது. எஞ்சின் பின்பக்கம், அதற்கு மேலே கட்டில், பக்கவாட்டில் காஸ் அடுப்பும் அலுமாரியும். இருவரும் லீவு எடுத்தோம். மெல்பேர்ணுக்குப் போய்க் காவடி எடுப்பது, பிறகு அப்படியே கடலோரமாக வானில் சுற்றுவது என்று ஏற்பாடு. உண்மையைச் சொன்னால் எனக்குக் கடலோரம்தான் முக்கியம். சாமி விஷயத்தில் அந்த நாளில் நான் இவருக்குப் பின்னால் போகிற ஆள், அவ்வளவே. விளக்கேற்றச் சொன்னால் ஏற்றுவேன்.

காவடியை இவரே கராஜில் இருந்து செய்தார். மயில்தோகை யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் கையோடு கொண்டுவந்து தந்தது. செய்து முடித்து வானில் ஏற்றினால், பின்கதவு மூடவில்லை. தோகை ஒரு முழத்துக்கு வெளியே நிற்கிறது.

"கொஞ்சம் வளைச்சு விடுங்கோவன்" என்றேன்.

"என்ன கதை கதைக்கிறாய்? சுவாமிக்குக் கொண்டுபோற தோகை, மடங்கப்படாது."

மேல்நோக்கித் திறக்கிற அந்தக் கதவைப் பாதியில் நிறுத்திக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். காவடி கட்டிலின் ஓரமாகக் கிடந்தது, தோகை பின்னால் காற்றில் ஆடியது. தெருவில் போனவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது.

சஷ்டிக்கு முதல் நாள் விடியவே புறப்பட்டோம். ஒரே நாளில் மெல்பேர்ண் போய்ச் சேர வேண்டும். இவர் விரதம், ஒருநேரம் பாலும் பழமும்தான். அதனால் நான் ஓட்டினேன். கட்டிலில் போய்ப் படுங்கள் என்றேன். படுத்தார். வழக்கமாக எஞ்சின் பக்கம் காலை நீட்டித்தான் படுப்பார். அன்றைக்கு மாறிப் படுத்தார்.

"காவடி இருக்கிற பக்கம் காலை நீட்டுறதே? தலையை அந்தப் பக்கம் வைக்கிறன். நல்ல காத்தும் வரும்" என்றார்.

எனக்கும் அது சரியாகவே பட்டது. வெளிச்சம் கண்ணில் படுகிறதென்று நடுவிலிருந்த திரைச்சீலையையும் இழுத்துவிட்டார். வழியில் கௌல்பர்ன் பக்கம், ஐப்பசி இங்கே வசந்த காலம் என்றாலும், காலையில் குளிர் கடிக்கும். நான் முன்பக்க ஜன்னல்களை இறுக்கி மூடிக்கொண்டு ஓட்டினேன்.

திரைக்கு அப்பால் அவரைப் பார்க்க முடியாததால் எங்களுக்குள் ஒரு வழக்கம். ஊரில் கோயிலுக்குப் போகிற பஸ்ஸில் ஒருவர் கத்த எல்லோரும் பதில் கொடுப்பார்களே, அதுதான். நான் "கந்தனுக்கு!" என்பேன். பின்னாலிருந்து "அரோகரா!" என்று வரும். நல்ல தூக்கத்திலும் இந்த மனிதர் அதற்குப் பதில் சொல்லாமல் விட்டதில்லை. நான் எத்தனையோ முறை வேண்டுமென்றே சோதித்துப் பார்த்திருக்கிறேன்.

கண்டகாயில் பெற்றோல் அடிக்க நிறுத்தினேன். இவர் இறங்கி வந்தார். முகம் வாடியிருந்தது, நடை தள்ளாடியது.

"என்னப்பா செய்யுது?"

"தலையிடி. வயித்தையும் பிரட்டுது. விரதமெண்டால் அப்பிடித்தான்."

"ஒரு வாய் பால் குடியுங்கோ."

"காலமை குடிச்சிட்டன். நீ சும்மா இரு."

வெளிக்காற்றில் சிறிது நேரம் நின்றதும் தெளிந்துவிட்டார். முன்னால் வந்து இருங்கள் என்றேன், படுத்தால் சரியாகிவிடும் என்று மறுபடியும் பின்னால் ஏறிவிட்டார். எனக்கும் நெற்றியில் ஒரு இடி இருந்தது. இவர் பட்டினி கிடக்க நான் மட்டும் தேத்தண்ணி குடிக்க மனம் வரவில்லை. அந்தத் தலையிடிதான் என்று நினைத்தேன். பட்டினி, தேத்தண்ணி என்று இருவரும் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தோம். வேறு எதையும் யோசிக்கவில்லை.

மறுபடியும் நெடுஞ்சாலை. மேடு, பள்ளம், எதிரே லொறிகள். "கந்தனுக்கு!" என்றேன். "அரோகரா" என்று மெல்ல வந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டேன். ஏதோ முனகல். தூங்கட்டும் பாவம் என்று விட்டேன். ஒரு மேடு ஏறி இறங்கியதும் திரும்பவும் கூப்பிட்டேன்.

பதில் இல்லை.

"கந்தனுக்கு!" என்று கத்தினேன்.

எஞ்சின் சத்தம் மட்டும்தான் கேட்டது. வானைப் புல்லில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, இறங்கி ஓடிப்போய்ப் பக்கக் கதவை இழுத்தேன்.

அடித்தது பெற்றோல் புகை. மூக்கில் அறைந்த மாதிரி இருந்தது.

இவர் அசையாமல் கிடந்தார். உதடு வெற்றிலை போட்டவர் போலச் சிவந்திருந்தது. விரதகாரர் வெற்றிலை போட்டாரோ என்று ஒரு கணம் எனக்குப் புத்தி போனதைப் பாருங்கள். அடுத்த கணமே விளங்கிவிட்டது. எஞ்சின் புகையைச் சுவாசித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்ட உடம்புகளில் இந்தச் சிவப்பை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் பிழைக்கவில்லை. பாதி திறந்த கதவு வழியே வந்தது காற்றல்ல, புகை. எங்கள் வானே தன் புகையை உள்ளே இழுத்திருக்கிறது. காவடிக்குக் கால் நீட்டக் கூடாதென்று, அந்த வாசலில் கொண்டுபோய் மூக்கை வைத்துப் படுத்திருக்கிறார் மனிதர். வழியெல்லாம் நான் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.

கையைப் பிடித்தேன். நாடி இருந்தது, நூல் மாதிரி. காலைப் பிடித்து இழுத்தேன். என்னைப்போல் இரண்டு மடங்கு நிறை. அலுமாரிக்கும் அடுப்புக்கும் நடுவே தோள் சிக்கிக்கொண்டது. அந்தப் புகையில் எனக்கும் தலை சுற்றியது. பின்பக்கத்தால் எடுக்கலாம் என்று சுற்றி ஓடினேன். அங்கே கயிறு, அவர் கட்டிய முடிச்சு. பல்லால் கடித்தேன். ஒரு கார் வந்தது. கையைக் காட்டினேன். நிற்காமலே போய்விட்டது.

அப்போதுதான் வாயைத் திறந்தேன். கைகூப்பவில்லை, கண் மூடவில்லை.

"நீயெல்லாம் ஒரு சாமியோ? எனக்காக நேர்ந்த மனிசன். உன்ரை காவடியைத் தூக்கிக்கொண்டு வந்த மனிசன். அந்தக் காவடியாலையே ஆளைக் கொல்லுவியோ? உனக்குக் கண் இருந்தால் இப்ப வா. இல்லாட்டி இனி என்ரை வீட்டிலை உனக்கு விளக்கு இல்லை!"

மறுபடியும் பல்லால் கடித்து இழுத்தேன், முடிச்சு அவிழ்ந்தது. நான் அந்தக் காவடியை இரு கையாலும் இழுத்தெடுத்து, இருந்த ஆத்திரம் முழுவதையும் சேர்த்து வீசினேன். றோட்டில் போய் விழுந்தது. தோகை முறிந்து பரவியது. செய்துவிட்டு நானே விறைத்துப்போய் நின்றேன். நேர்த்திக்கடன் காவடியை நடுத்தெருவில் எறிந்த பெண்ணை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

பிரேக் கிறீச்சென்று கேட்டது. கம்பளி மூட்டைகள் ஏற்றிய ஒரு லொறி. தோகையில் ஏறாமல் அதற்கு முன்னாலேயே நின்றது. ஆறடிக்கு மேலான ஒரு வெள்ளைக்காரர் குதித்து இறங்கி, முதலில் தோகையைக் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஆர் யூ ஓல்ரைட், லவ்?" ஏதும் பிரச்சினையோ அம்மா என்கிற மாதிரிக் கேட்டார்.

எனக்கு இங்கிலீஷ் வரவில்லை. தினமும் பேசுகிற பாஷை, ஒரு சொல் வரவில்லை. வானுக்குள் கையைக் காட்டினேன். அவர் பின்கதவைத் தூக்கி, இவரை அக்குளில் பிடித்து, ஒரே இழுவையில் புல்லில் கிடத்தினார். நான் முழங்காலில் விழுந்தேன். நடுவழியில், முன்பின் தெரியாத ஆண் பார்க்க, புருஷனின் வாயில் வாய் வைத்து ஊதினேன். ஊதினேன், ஊதினேன். என் கண்ணீர் அவர் முகத்தில் விழுந்தது. ஒருமுறை இருமினார். பிறகு ஒரு பெரிய மூச்சு இழுத்தார். அந்தச் சத்தத்தைவிடப் பெரிய மந்திரம் எனக்கு இன்றுவரை தெரியாது.

லொறியிலேயே எங்களை ஏற்றிப் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழியில் எனக்குப் பேச்சு வந்தது. நான் கை காட்டவே இல்லையே, ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். நிறுத்தும் எண்ணமே அவருக்கு இருக்கவில்லையாம். வானைப் பார்த்து, யாரோ தேத்தண்ணிக்கு ஒதுங்கியிருக்கிறார்கள் என்று நினைத்தாராம். றோட்டில் நீலமும் பச்சையுமாக ஏதோ பெரிய பறவை அடிபட்டுக் கிடக்கிறதென்று பிரேக்கில் ஏறி மிதித்தாராம்.

கோபத்தில் நான் வீசியெறிந்ததைக்கொண்டே முருகன் என் புருஷனைக் காப்பாற்றியிருக்கிறான். நான் வா என்றேன். அவன் வந்துவிட்டான். என் வாயிலிருந்து வந்த வசவு காற்றில் ஆறுவதற்கு முன்னமே வந்துவிட்டான்.

ஒக்சிஜன் வைத்தார்கள். இன்னும் கொஞ்சத் தூரம் ஓட்டியிருந்தால் தன்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் டாக்டர். பின்னேரம் இவர் கண் திறந்தார்.

"காவடி எங்கை?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகையும் சேர்ந்து வந்தது. "றோட்டிலை எறிஞ்சிட்டன்!" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், முருகனைத் திட்டியதையும் ஒளிக்கவில்லை. இவர் கோபிப்பார் என்று பார்த்தேன். என் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார். மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதார். கல்யாணம் கட்டி அவ்வளவு காலத்தில் நான் அதைப் பார்த்ததில்லை.

அந்த வருடம் மெல்பேர்ண் போகவில்லை, கடலோரமும் போகவில்லை. அடுத்த சஷ்டிக்குப் போனோம். இவர் வேறொரு காவடி எடுத்தார், நான் பக்கத்தில் பாற்செம்பு எடுத்தேன். யாரும் சொல்லி எடுக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் விளக்கேற்றுவது என் வேலை. ஏற்றச் சொல்லி எவரும் எனக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.

முறைப்படி கும்பிடத் தெரியாது, மந்திரம் தெரியாது, சுத்தபத்தம் போதாது என்று ஒதுங்கி நிற்கிறவர்களுக்காகவே இதை எழுதினேன். எனக்கு அன்றைக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. திட்டத்தான் தெரிந்தது. உங்களுக்கு எது வருகிறதோ அதைச் சொல்லிக் கூப்பிடுங்கள். அழுகை வந்தால் அழுகை, கோபம் வந்தால் கோபம். கூப்பிடாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். அவன் சொற்களை எடை போடுகிறவன் அல்ல.

எனக்கு அவன் தந்த பதில் இந்த நேரம் குசினியில் நின்று, சீனிப் போத்தல் எங்கே என்று சத்தம் போடுகிறது. நான் எழும்பிப் போக வேண்டும்.