வெண்மதி தன் கடைக்கு எதிராகக் கொடுத்த மனு

சிதம்பரம் அண்ணாமலை நகரில் மாணவர் லாட்ஜுகள் நெருங்கி நிற்கும் தெரு ஒன்றில் வெண்மதி பிரவுசிங் சென்டர் நடத்தினாள். கணவன் தில்லைநாதன் மினி லாரி ஓட்டினான். லோடு கிடைக்காத வாரங்களில் வீட்டில் அடுப்பெரிந்தது கடையால்தான். மாணவர்களை நம்பிப் பிழைக்க முடியாது. பரீட்சை முடிந்தால் தெருவே காலியாகிவிடும். வருஷம் முழுக்கக் கைகொடுத்தது சான்றிதழ் விண்ணப்பம். அரசு அலுவலகம் ஒன்றின் அந்த இணையப் பக்கம் ஒரே ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் பிரவுசரில்தான் திறக்கும். ஊர் நூலகங்களில் இலவச மென்பொருள் போட்ட கம்ப்யூட்டர்கள் இருந்தன, அவற்றில் திறக்காது. அதனால் அண்ணாகிராமத்திலிருந்துகூட ஆட்கள் பஸ் ஏறி இவளிடம் வந்தார்கள்.

2009இல் கல்லூரிச் சேர்க்கைக் கவுன்சலிங் நேரமாகப் பார்த்து அந்தக் கம்பெனி தன் பிரவுசரை மாற்றியது. மறுநாள் எந்தக் கடையிலும் பக்கம் திறக்கவில்லை. அலுவலகத்தில் போய்க் கேட்டால், எல்லாம் ஆன்லைனில்தான் என்று கையை விரித்தார்கள். வருமானச் சான்றுக்காக அனுப்பிரியா என்ற பெண் நடையாய் நடந்தாள். பக்கம் சரியானபோது அவளுக்குக் கவுன்சலிங் தேதி முடிந்திருந்தது.

அவள் அழவில்லை. "ஏங்க்கா, இது நம்ம கவர்மெண்ட்டு பக்கம்தான?" என்று மட்டும் கேட்டாள்.

வெண்மதியால் இதைப் பொறுக்க முடியவில்லை. எங்கோ கடல் தாண்டி எவனோ எதையோ மாற்றினால் இங்கே ஒரு பெண்ணின் படிப்பு நின்றுபோவதா? பொதுச் சேவைகள் எந்தக் கம்பெனியின் பிடியிலும் இருக்கக் கூடாது, எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்க வேண்டும் என்று மனு எழுதிக் கையெழுத்து கேட்டுக் கிளம்பிவிட்டாள். எதிர்க்கடை கண்ணாயிரம் மாமா பேனாவைத் தொடவே இல்லை.

"உனுக்கு புத்தி கெட்டுப்போச்சா? எங்க வேணா தொறக்கும்னா நம்ம கடைக்கு எவன் வருவான்?"

அது அவளுக்கும் தெரியும். கணக்குப் பார்க்கத் தெரியாத கடைக்காரி உண்டா? தெரிந்தேதான் கையெழுத்து கேட்டுக்கொண்டு போனாள்.

கடலூரில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுவை வாங்கிய அதிகாரி பொறுமையாகவே படித்தார். பிறகு, இதை எதில் டைப் அடித்தீர்கள் என்றார். அந்தக் கம்பெனியின் மென்பொருளில்தான் என்று இவள் வெகுளியாகச் சொல்லிவிட்டாள். காசு கொடுத்து வாங்கியதா என்றார் அவர். தெருவில் எல்லோரையும்போல இவளிடமும் இருந்தது திருட்டு சி.டி. பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

வேறு யாராவது என்றால் அதோடு வீட்டோடு முடங்கியிருப்பார்கள். வெண்மதிக்கு பஸ்ஸில் புதுச்சத்திரம் தாண்டும்வரை முகம் எரிந்துகொண்டிருந்தது. கடைக்கு வந்தாள், எல்லாக் கம்ப்யூட்டரிலும் இருந்ததைச் சுத்தமாக அழித்துவிட்டு இலவச மென்பொருளைப் போட்டாள். அவ்வளவுதான், சான்றிதழ் வேலை முழுக்கக் கண்ணாயிரம் கடைக்குப் போய்விட்டது. ஒன்றையாவது விட்டு வைக்கச் சொல்லித் தில்லைநாதன் கெஞ்சினான்.

"ஒண்ணு இருந்தா அதையும் காசு குடுத்து வாங்குனதான்னு கேப்பாங்க. இனிமே எவுனும் என்னப் பாத்து சிரிக்கக் கூடாது" என்றாள்.

அந்த மனுவையே புதிதாக அடித்துக்கொண்டு மறுபடியும் கடலூர் போனாள். போய்க்கொண்டே இருந்தாள். பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் சேர்ந்தார்கள். சென்னையிலும் பெங்களூரிலும் இதே கோரிக்கையோடு அலைந்தவர்களும் தொடர்புக்கு வந்தார்கள். கடையில் கூட்டம் குறைந்தது, வீட்டில் செலவு இறுகியது. தில்லைநாதன் முணுமுணுத்தான்; ஆனால் கடலூர்ப் பக்கம் லோடு கிடைத்தால் அவளையும் ஏற்றிக்கொண்டுதான் போனான். நல்ல மனுஷன்.

2011 நடுவில் பக்கம் மாறியது. எதில் தட்டினாலும் திறந்தது, தமிழிலும் திறந்தது. வெண்மதி கடைக்குள் நின்று குழந்தைபோலக் கை தட்டினாள். அவளுடைய எந்திரங்களிலும் இப்போது விண்ணப்பிக்கலாம். ஆனால் அதற்கென்று இனி யாரும் சிதம்பரம் வர வேண்டியதில்லை. கண்ணாயிரத்துக்கு ஜெராக்ஸ் இருந்தது, தாக்குப்பிடித்தார். வெண்மதி அடுத்த வருஷம் கடையைக் காலி செய்துவிட்டு, ஓர் அச்சகத்துக்கு டைப் அடிக்கப் போனாள். ஷட்டரை இழுத்து மூடியபோது மட்டும் தேம்பித் தேம்பி அழுதாள். ஒரே கடையை இரண்டு தடவை இழந்தவள் அழாமல் என்ன செய்வாள்?

அந்தக் கோடையில் அண்ணாகிராமத்துக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனவள், போகிற வழியில் நூலகத்தில் நுழைந்து பார்த்தாள். முந்திரி உடைத்துக் கறுத்த கைகளோடு ஓர் அம்மாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். மகளுக்கு வருமானச் சான்று கேட்டு அப்போதுதான் அனுப்பியிருந்தார். ரசீது பிரிண்டருக்காகக் காத்திருந்தார்.

"இப்ப இங்கியே முடிஞ்சிடுதும்மா. முன்னல்லாம் ஒரு நாள் கூலிய வுட்டுட்டு செதம்பரம் ஓடணும். அந்த பிரவுசிங் கடைக்காரங்க நம்ம தலையிலதான் நல்லா சம்பாரிச்சாங்க" என்றார் அந்த அம்மாள்.

வெண்மதிக்குச் சிரிப்பு வந்தது. "ஆமாங்க்கா, கொஞ்சம் ஜாஸ்திதான் சம்பாரிச்சாங்க" என்று சொல்லிவிட்டு, ரசீது வரும்வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.